இதோ பக்கத்துலதான்

எவாரிஸ்தா சில்லிவானி பொய் பேசுகிறவள் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் இப்போது கணவாய்க்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அவளைப் பற்றி ஆளுக்கொரு விதமாகப் பேசுகிறார்கள். கம்பளி விற்கப் போகும்போது அதை நனைத்து எடை கூட்டுகிற வழக்கம் அவளிடம் கிடையாது. பக்கத்து மந்தைக் குட்டி ஒன்று தன் மந்தையில் கலந்துவிட்டால், காதில் கட்டிய நூலின் நிறத்தைப் பார்த்து அன்றைக்கே ஓட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வருவாள். ஒரே ஒரு விஷயத்தில்தான் அவள் வாய் உண்மை பேசாது. "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று யாராவது கேட்டால், "இதோ பக்கத்துலதான்" என்பாள்.

அதை அந்த மலையில் யாரும் பொய் என்று நினைப்பதில்லை. நடக்கிறவனிடம் தூரத்தைச் சொல்வது, சாப்பிடுகிறவன் தட்டில் மண்ணை அள்ளிப் போடுகிற காரியம். காதில் விழுந்தது காலுக்கும் போய்விடும், அப்புறம் கால் எழுந்திருக்காது என்பது அவர்கள் எண்ணம். அரை மணி நேர நடையும் பக்கத்தில்தான், அரை நாள் நடையும் பக்கத்தில்தான். அந்த ஊர்க்காரனுக்கு இதில் குழப்பமே வராது. அவன் சூரியனைப் பார்ப்பான், மேகத்தைப் பார்ப்பான், தன் காலுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று தானே தெரிந்துகொள்வான். கேட்டது தூரத்துக்காக அல்ல, ஒரு மனித வாயிலிருந்து தைரியம் கேட்பதற்காகத்தான். வெளியூர்க்காரர்களுக்கு இது தெரியாது. அவர்கள் கேட்டால் நிஜமாகவே கேட்கிறார்கள். அதை எவாரிஸ்தா ஒரு நாளும் யோசித்துப் பார்த்ததில்லை.

அந்த வார்த்தையால்தான் அவள் உயிரோடு இருக்கிறாள் என்பது அவள் நம்பிக்கை. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், தலைப்பிரசவம். வலி கண்டு இரண்டு நாளாகியும் குழந்தை வரவில்லை. புருஷன் சிரிலோ அவளைக் குதிரைமேல் ஏற்றி, விழாமல் இருக்கப் போர்வையால் சேர்த்துக் கட்டி, சுகாதார நிலையம் இருக்கிற கீழ் ஊருக்கு நடத்திக்கொண்டு போனான். ஏழு மணி நேரம்.

"இன்னும் எவ்வளவு தூரம்யா?"

"அந்த வளைவு தாண்டினா போதும், எவா. இதோ பக்கத்துலதான்."

அந்த வளைவு தாண்டினால் இன்னொரு வளைவு. அதைத் தாண்டினால் ஓர் ஓடை. ஏழு மணி நேரமும் அவன் அதையேதான் சொன்னான், ஒரு தடவைகூடக் குரல் மாறாமல். அவள் எந்த வளைவையும் நம்பவில்லை. அவன் குரலை நம்பினாள். நிகோலாசா பிறந்தாள். இப்போது கூஸ்கோ நகரத்தில் ஏதோ ஒரு விடுதியில் படுக்கை விரிக்கிற வேலை பார்க்கிறாள். "ஏழு மணி நேரம்னு அன்னிக்கு ஒருத்தன் வாயத் திறந்திருந்தா, நான் குதிரையில இருந்து இறங்கி அங்கேயே செத்திருப்பேன்" என்று எவாரிஸ்தா கேட்பவர்களிடமெல்லாம் சொல்வாள்.

யானாகாசா கணவாய்க்குக் கீழே கடைசி வீடு அவளுடையது. கல் சுவர், தகரக் கூரை, பக்கத்தில் கல்லால் வளைத்த பட்டி. கம்பளிக்கு நூற்றுப்பத்து அல்பாக்கா, சுமைக்கு ஏழு லாமா, 'கேப்டன்' என்ற பெயருள்ள, ஆனால் யாருக்கும் உத்தரவு போட்டுப் பழக்கமில்லாத ஒரு நாய். வறண்ட மாதங்களில் மலை சுற்ற வருகிற வெளிநாட்டுக்காரர்களின் கூடாரங்களையும் சட்டி பானைகளையும் சிரிலோ தன் குதிரைகளில் ஏற்றிக்கொண்டு போவான். ஒரு நடைக்கு ஆறு நாள், ஏழு நாள். அந்த நாட்களில் அவளுக்கு மந்தையும் நாயும்தான் துணை. வழிப்போக்கர்கள் வந்தால் சூப் வைத்துக் கொடுப்பாள்.

அன்னேக்கா வந்து சேர்ந்தது செப்டம்பர் கடைசி வாரத்தில். வந்தாள் என்று சொல்லக்கூடாது, விழுந்தாள். பட்டிச் சுவர் ஓரம் மூட்டையோடு சரிந்து உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். முப்பது வயதிருக்கும். ஹாலந்துக்காரி. வடக்கே கொலம்பியாவில் ஆரம்பித்துப் பதினான்கு மாதமாக நடந்துகொண்டிருக்கிறாளாம், மலைத்தொடர் தெற்கே கடலில் போய் முடிகிற வரைக்கும் நடப்பாளாம். யாரும் அவளைத் துரத்தவில்லை, யாரும் அங்கே காத்திருக்கவும் இல்லை.

"உங்க ஊர்ல மலை இல்லியா?" என்று எவாரிஸ்தா இரண்டாம் நாள் கேட்டாள்.

"ஒண்ணுகூட இல்ல. தரை கடலைவிடப் பள்ளம்."

"அட பாவமே! அதான் ஓடி வந்துட்டியா!" என்று எவாரிஸ்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நான்கு நாள் அந்தப் பெண் அங்கே கிடந்தாள். எவாரிஸ்தா மலைப்புதினாக் கஷாயம் கொடுத்தாள், பனியில் உலர்த்திய உருளைக்கிழங்கைக் குழைய வேகவைத்து ஊட்டாத குறையாகக் கொடுத்தாள். மூன்றாம் நாள் அன்னேக்கா எழுந்து உட்கார்ந்து நூல் நூற்கக் கற்றுக்கொண்டாள். அவள் நூற்ற நூலைப் பார்த்து, "இதை வச்சுக் குதிரையைக் கட்டலாம்டி, துணி நெய்ய முடியாது" என்றாள் எவாரிஸ்தா. பாரம் குறையட்டும் என்று பல் தேய்க்கிற பிரஷ்ஷைப் பாதியாக வெட்டி வைத்திருந்ததையும், அதே மூட்டையில் செங்கல் கனத்துக்கு மூன்று புத்தகம் இருந்ததையும் பார்த்து அதற்கும் ஒரு பாட்டம் சிரித்தாள். தன் மகள் வயதுதான். மகள் வருஷத்துக்கு ஒரு தடவை வருவாள், போன் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுப் போவாள். இவள் வந்த இடத்தில் சாணி பொறுக்கி அடுப்பு மூட்டினாள். எவாரிஸ்தாவுக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

சுவரில் சிரிலோவின் படம் ஒன்று மாட்டியிருந்தது. கல்யாணத்தில் எடுத்தது, அதிலும் தொப்பியோடுதான் நின்றான்.

"இவர் தொப்பியைக் கழட்டவே மாட்டாரா?" என்று அன்னேக்கா கேட்டாள்.

"இந்த ஊர் ஆம்பளைங்க யாரும் கழட்ட மாட்டாங்க. தூங்கும்போதுகூட மூஞ்சில கவுத்துக்கிட்டுத் தூங்குவான் என் மனுஷன். மழையோ பனியோ, தலையில ஒட்டினது ஒட்டினதுதான். மாதா கோயில்ல கழட்டுவாங்க. அப்புறம் சாவு முன்னால கழட்டுவாங்க. அவ்வளவுதான்."

ஐந்தாம் நாள் காலையில் அன்னேக்கா மூட்டையைக் கட்டினாள். கணவாயைத் தாண்டினால் அந்தப் பக்கம் ஏரிக்கரையில் எவாரிஸ்தாவின் தம்பி ருஃபினோ வீடு. அங்கே போய்த் தங்கலாம். சிரிலோவும் நடை முடித்து அன்று அங்கேதான் இருப்பான், மறுநாள் குதிரைகளோடு இந்தப் பக்கம் வருவான். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பெண் விடிகாலையிலேயே கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை. அவளுக்கு வழி காட்டுகிற போன் செத்துப்போயிருந்தது. அதற்கு வெயிலில் உயிர் கொடுக்கிற கண்ணாடித் தகட்டை ஓர் அல்பாக்கா மிதித்து உடைத்துவிட்டது. அதை ஒட்டுவதா விடுவதா என்று பார்த்துக்கொண்டே பத்து மணியாக்கினாள். அப்புறம் எவாரிஸ்தா, "வயித்துல ஒண்ணும் இல்லாம போகாதே, சூப் கொதிக்குது" என்று உட்காரவைத்தாள். இரண்டு பேருக்கும் பிரிய மனமில்லை. உண்மை அவ்வளவுதான்.

சாப்பிட்டு முடிக்கும்போது உச்சி சாய்ந்துவிட்டது. அன்னேக்கா கணவாயைப் பார்த்தாள்.

"அம்மா, நேரமாயிடுச்சோ? நாளைக்குப் போகட்டுமா? உங்க தம்பி வீட்டுக்கு எவ்வளவு தூரம்?"

எவாரிஸ்தா அவள் கையில், ஏற்றத்தில் மெல்லுவதற்கான கோக்கா இலைப் பொட்டலத்தைத் திணித்துக்கொண்டே, யோசிக்காமல், மூச்சு விடுவது போலச் சொன்னாள்.

"இதோ பக்கத்துலதான் மகளே."

அந்தப் பெண்ணின் முகம் தெளிந்தது. "அப்ப இன்னிக்கே போயிடறேன்" என்றாள். எவாரிஸ்தாவைக் கட்டிப் பிடித்தாள். நடந்தாள். அவள் காலுக்குக் கணவாய் ஐந்து மணி நேரம், அந்தப் பக்கம் இறக்கம் மூன்று மணி நேரம். எவாரிஸ்தாவுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் வாய் அந்த வழியில் போய்ப் பழகியதே இல்லை.

சூரியனைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம் இருந்தது. அதை அவள் பாத்திரம் கழுவிவிட்டு நிமிர்ந்தபோதுதான் பார்த்தாள். வளையத்தைப் பார்த்தபிறகு நாயைப் பார்த்தாள். கேப்டன் கதவுக்கு உள்ளே போய்ப் படுத்திருந்தது. பகலில் அது உள்ளே படுக்காது.

இரண்டு மணிக்கு மந்தை இறங்கி வந்தது. யாரும் ஓட்டவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கல் விட்டெறிந்து கூப்பிட்டாலும் முரண்டு பிடிக்கிற மந்தை, நடுப்பகலில் தானாக வரிசை கட்டி வந்து, பட்டிக்குள் புகுந்து, ஒன்றோடொன்று ஒட்டி நின்றது. ஒரு சத்தமில்லை. வடக்கே மலை முகட்டுக்குப் பின்னாலிருந்து மேகம் வெள்ளையாக இல்லை, சாம்பலாகவும் இல்லை, ஈயம் போல ஒரு நிறத்தில் எழுந்துகொண்டிருந்தது. மழை மாதத்துக்கு இன்னும் நாள் கிடக்கிறது. ஆனால் மேகம் மாதம் பார்த்தா வரும்?

வீட்டுக்கு மேலே ஒரு பாறை உண்டு. அதன்மேல் ஏறி நின்று வலது கையை உயர்த்திப் பிடித்தால் போன் பேசும், அதனால் அதைப் பேசும் பாறை என்பார்கள். எவாரிஸ்தா மூச்சிரைக்க ஏறி நின்று சிரிலோவைக் கூப்பிட்டாள். அவன் ருஃபினோ வீட்டில் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான்.

"என்ன எவா? அதுக்குள்ள என் நெனப்பா?"

"வாய மூடு மனுஷா, கேளு. அந்தப் பொண்ணு, சொன்னேனே, ஹாலந்துக்காரி, தனியா கணவாய்க்குக் கிளம்பிப் போயிருக்கா. இங்க மேகம் மோசமா வருது. நீ உன் பக்கத்துல இருந்து கொஞ்சம் ஏறிப் பாரேன்."

"கிளம்பி எவ்வளவு நேரமாச்சு? எங்க வந்திருப்பா இப்ப?"

இரண்டு மணி நேரத்தில் அந்த மெதுநடைக்காரி பாதி ஏற்றம்கூடப் போயிருக்கமாட்டாள். அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஏற்றத்தில் ஏறப்போகிற ஒருவனிடம், அதுவும் ஏழு நாள் நடந்துவிட்டு இப்போதுதான் காலை நீட்டியிருக்கிற தன் புருஷனிடம், தூரத்தைச் சொல்ல அவளுக்கு எப்படி வாய் வரும்?

"தாண்டியிருப்பாய்யா. உனக்குப் பக்கத்துலதான் வந்துக்கிட்டிருப்பா."

"சரி சரி. அப்ப அரை மணியில கூட்டிட்டு வந்துடறேன். நீ பயப்படாத. பெரிய பொஞ்சோ ஈரமா இருக்கு, அதைப் போத்திக்கிறது எதுக்கு இப்ப? செம்பட்டைக் குதிரையை மட்டும் ஓட்டிக்கிட்டுப் போறேன்." சிரித்தான். "பொண்ணு அழகா?"

"உன் மகள் வயசு. போய்யா!"

அதுதான் அவர்கள் கடைசியாகப் பேசியது.

அவள் இறங்கி வீட்டுக்குள் வந்தாள். ஐந்து நிமிஷம்கூட இருப்புக்கொள்ளவில்லை. சிரிலோ பார்த்துக்கொள்வான் என்று ஒரு மனம் சொன்னது. அந்தப் பெண் கணவாயைத் தாண்டவேயில்லையே, அவன் எதைப் பார்ப்பான் என்று இன்னொரு மனம் சொன்னது. மறுபடி பாறைக்கு ஓடினாள். போன் அடிக்கவே இல்லை. அவன் அந்தப் பக்கம் ஏற ஆரம்பித்திருப்பான், ஏரியை விட்டு ஏறினால் அங்கே போன் எடுக்காது. எவாரிஸ்தா போர்வை ஒன்றை முதுகில் கட்டினாள், வெந்நீரைப் புட்டியில் ஊற்றிப் பாவாடைகளுக்கு இடையில் செருகினாள், ஏறத் தொடங்கினாள்.

முதல் பனி சோளப்பொரி போல வறட்டுப் பருக்கையாக விழுந்தது. அப்புறம் பஞ்சாக விழுந்தது. காற்று இல்லை. காற்று இருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு பயம் இருந்திருக்காது. ஒரு சத்தமும் இல்லாமல் மலை தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. சதுப்பு நிலம் தாண்டினாள். கறுப்புப் பாறை தாண்டினாள். அன்னேக்காவின் பூட்ஸ் தடம் ஓரிடத்தில் வழியை விட்டு விலகி, பிறகு திரும்பி வந்து சேர்ந்திருந்தது. அதற்குமேல் தடத்தைப் பனி மூடிவிட்டது.

கணவாய்க்கு ஒரு மணி நேரம் கீழே ஒரு கற்குவியல் இருக்கிறது. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் மலைக்கு மரியாதையாக ஆளுக்கொரு கல் வைத்து ஆள் உயரம் ஆனது. அதன் மறைவில் அன்னேக்கா உட்கார்ந்திருந்தாள். மூட்டை திறந்து கிடந்தது. கூடாரத்தை எடுத்து விரிக்கப் பார்த்திருக்கிறாள், விரல் கேட்கவில்லை. உதடு நீலம். எவாரிஸ்தாவைப் பார்த்ததும் அவள் ஆச்சரியப்படவில்லை. அதைத்தான் எவாரிஸ்தாவால் தாங்க முடியவில்லை. உயிர் போகப் போகிறவர்கள்தான் எதற்கும் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

வெந்நீரைக் குடிப்பாட்டினாள். போர்வையைச் சுற்றினாள். கன்னத்தில் இரண்டு அறை விட்டாள்.

"எழுந்திரு மகளே. வீட்டுக்குப் போகலாம்."

"எவ்வளவு தூரம்?"

"இதோ பக்க..."

அன்னேக்கா சிரித்தாள். அது சிரிப்பே இல்லை. "மத்தியானமும் அதைத்தான் சொன்னீங்க" என்றாள். தலையைக் கல்மேல் சாய்த்துக் கண்ணை மூடினாள். "நடந்தேன் அம்மா. நடந்து நடந்து... வரவே இல்ல. நீங்க ஏன் அப்படிச் சொன்னீங்க?"

எவாரிஸ்தா பனியில் முழங்காலிட்டு உட்கார்ந்தாள். அவள் முகத்தில் யாரோ காறித் துப்பியது போல இருந்தது. நாற்பத்தேழு வருஷத்தில் ஒருவரும் அவளை அப்படிக் கேட்டதில்லை.

"நீ நடக்கணும்னுதான் சொன்னேன்" என்றாள். பிறகு அந்தப் பெண்ணின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்தினாள். "கேளு. இப்ப நெஜத்தைச் சொல்றேன். தூரம். ரொம்பத் தூரம். மேல போனா நாலு மணி நேரம், நீ போய்ச் சேரமாட்டே. என் வீடு ரெண்டரை மணி நேரம். முதல்ல கறுப்புப் பாறை வரும், அதுக்கே முக்கால் மணி ஆகும். அங்க உனக்கு உட்காரணும்னு தோணும், நான் விடமாட்டேன். அப்புறம் சதுப்பு, அதுல கால் நனையும், வலிக்கும், கத்தணும்னா கத்திக்க. அப்புறம் ஓடை. ஓடை வந்தாலும் பாதிதான் வந்திருக்கோம். அதுக்கப்புறம் நாய் குலைக்கிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டப்புறமும் அரை மணி நேரம் இருக்கு. தெரிஞ்சுக்கிட்டியா? இப்ப எழுந்திரு."

அன்னேக்கா கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தாள். "ரெண்டரை மணி" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். கற்குவியலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

எவாரிஸ்தா ஒரு கணம் மேலே பார்த்தாள். கணவாய் தெரியவில்லை. அதற்கு அந்தப் பக்கம் அவள் புருஷன், பெரிய பொஞ்சோ இல்லாமல், பக்கத்தில்தான் என்று நம்பி, இங்கே நிற்கிற இந்தப் பெண்ணைத் தேடிக்கொண்டிருந்தான். "சிரிலோ!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள். பனி அந்தக் குரலை அப்படியே விழுங்கிவிட்டது. ஒரு மணி நேரம் ஏறினால் கணவாய் முகடு, அங்கே நின்று கத்தினால் ஒருவேளை கேட்கும். இந்தப் பெண்ணை ஒரு மணி நேரம் இங்கே விட்டால் அவள் இருக்கமாட்டாள். சிரிலோ மலைக்காரன், பனி கண்டால் திரும்பிவிடுவான், அவனுக்குத் தெரியாதா என்று எவாரிஸ்தா தனக்கே சொல்லிக்கொண்டாள். திரும்பமாட்டான் என்றும் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. அவள் கேட்ட காரியத்தை அவன் பாதியில் விட்டு வந்ததே இல்லை.

அவள் கீழே நடந்தாள்.

கறுப்புப் பாறையில் அன்னேக்கா உட்காரப் பார்த்தாள், எவாரிஸ்தா விடவில்லை. சதுப்பில் கத்தினாள். ஓடையில் விழுந்தாள். சொன்னது சொன்னபடி ஒவ்வொன்றாக வந்தது. வழி முழுக்க அந்தப் பெண் "இப்ப எவ்வளவு?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள், எவாரிஸ்தா ஒவ்வொரு தடவையும் உண்மையைச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் தன் வாயிலிருந்து ஒரு பல்லைப் பிடுங்கிப் போடுவது போல இருந்தது அவளுக்கு. நாய் குலைத்தது. அதற்கப்புறம் அரை மணி நேரம் நடந்தார்கள். நன்றாக இருட்டிய பிறகுதான் வீட்டுக் கதவைத் தொட்டார்கள்.

மறுநாள் விடிந்தபோது வானம் கழுவிவிட்டது போல நீலமாக இருந்தது. மலை முழுக்க வெள்ளை. எவாரிஸ்தா பேசும் பாறைமேல் நின்று ருஃபினோவைப் போனில் பிடித்துவிட்டாள்.

"அக்கா, மாமா அங்கதானே இருக்காரு?" என்றான் அவன். "பொண்ணைக் கூட்டிக்கிட்டு உன் வீட்டுக்கே இறங்கிட்டாருன்னு நெனச்சேன்."

அவள் உடனே பக்கத்து ஊர்க்காரர்களுக்குப் போனில் சொன்னாள். ஊர்த் தலைவர் பொலிகார்ப்போ எட்டு ஆட்களோடு வந்தார். அவர் எவாரிஸ்தாவை வீட்டிலேயே இருக்கச் சொன்னார், அவள் கேட்கவில்லை. நாள் முழுக்க அவர்களோடு கணவாயில் அலைந்தாள். தலைக்கு மேலே வெயில், காலுக்குக் கீழே அதே வெயில். எல்லா ஆண்களும் தொப்பி விளிம்பை இழுத்து விட்டுக்கொண்டு கண்ணைச் சுருக்கி நடந்தார்கள். அவள் தொப்பி முந்தின நாள் பனியில் எங்கேயோ போயிருந்தது. பாறை பாறையாக, மேடு மேடாக, கண்ணை அகல விரித்து வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் செம்பட்டைக் குதிரை தனியாக இறங்கி வந்து பட்டி வாசலில் நின்றது. கயிறு அறுந்து தொங்கியது.

"அண்ணே, குதிரை வந்துடுச்சு. அவனும் எங்கயாவது குகையில ஒதுங்கியிருப்பான், இல்லியா?" என்று பொலிகார்ப்போவிடம் கேட்டாள்.

"ஒதுங்கியிருப்பான்மா. நாளைக்கு முதல் வெளிச்சத்துல போறோம்." அவர் அவளை நேராகப் பார்க்காமல் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் காலையில் எவாரிஸ்தாவுக்குக் கண் திறக்கவில்லை. இமைக்குள் மணலை அள்ளிக் கொட்டினது போல எரிந்தது. பனியின் வெளிச்சம் கண்ணைச் சுட்டுவிட்டது. இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும், அந்த மலையில் எல்லோருக்கும் தெரிந்த உபாதைதான். உருளைக்கிழங்கைச் சீவி இமைமேல் வைத்துத் துணியால் கட்டினார்கள். ஒன்பது பேரும் அவளை விட்டுவிட்டுக் கிளம்பிப் போனார்கள்.

அவள் உள்ளே படுக்கமாட்டேன் என்றாள். பட்டிச் சுவர் ஓரம், கணவாய் தெரிகிற இடத்தில் அன்னேக்கா போர்வை விரித்து அவளை உட்காரவைத்தாள். தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கால் விரல்கள் கறுத்து வீங்கியிருந்தன, இரண்டு விரல் தேறாது என்று பொலிகார்ப்போ சொல்லியிருந்தார். தன்னால்தான் என்று அவளும் நினைத்தாள், தன்னால்தான் என்று எவாரிஸ்தாவும் நினைத்தாள். ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொள்ளவில்லை.

வெயில் ஏறியது. அல்பாக்காக்கள் ஈரப் புல்லைக் கடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"அந்தப் பிரசவத்துல" என்றாள் எவாரிஸ்தா திடீரென்று, "ஏழு மணி நேரமும் அவன் அதையேதான் சொன்னான். எனக்குத் தெரியும் தூரம்னு. நான் அந்த வழியில எத்தனை தடவை போயிருக்கேன், எனக்குத் தெரியாதா? தெரிஞ்சேதான் கேட்டேன். அவன் சொல்லணும்னு கேட்டேன்." கண் கட்டைச் சரிசெய்துகொண்டாள். "உனக்கு அது தெரியாதுன்னு எனக்குத் தோணவே இல்ல மகளே."

அன்னேக்கா அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

உச்சிவேளைக்குக் கேப்டன் எழுந்து நின்றது. குலைக்கவில்லை. எவாரிஸ்தா அது எழுந்ததைக் கழுத்துச் சங்கிலிச் சத்தத்தில் தெரிந்துகொண்டாள்.

"யாராச்சும் வர்றாங்களா?"

"வர்றாங்க."

கணவாய்க்குக் கீழே வெள்ளையில் ஒரு கோடு போல அவர்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"எத்தனை பேரு?"

அன்னேக்கா எண்ணினாள். நடந்து வருகிறவர்கள் ஒன்பது பேர். அதில் நான்கு பேர் ஒரு போர்வையின் நான்கு முனைகளைப் பிடித்துக்கொண்டு, அடி மேல் அடி வைத்து வந்தார்கள். சூரியன் அவர்கள் நெற்றியில் நேராக அடித்தது. அந்த வெயிலிலும் ஒருவர் தலையிலும் தொப்பி இல்லை.

பத்து என்று சொல்ல நினைத்தாள், வரவில்லை.

"சரியாத் தெரியல அம்மா."

"எவ்வளவு தூரத்துல இருக்காங்க?"

இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கும். கறுப்புப் பாறையே அவர்கள் தாண்டவில்லை. அன்னேக்கா எவாரிஸ்தாவின் கையை இறுக்கிப் பிடித்தாள். குரல் மாறாமல் சொன்னாள்.

"இதோ பக்கத்துலதான், அம்மா."

எவாரிஸ்தா கட்டிய கண்ணோடு கணவாயை நோக்கியே உட்கார்ந்திருந்தாள். எப்போது, எதற்காக அந்த வார்த்தையைச் சொல்வார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.